எட்டு மாத நாய்க்குப் பயிற்சி: தங்கவைக்கும் பள்ளியா, வார வகுப்பா?

கோலாலம்பூர் செந்தூலில் தரை வீட்டில் இருப்பதாகவும், எட்டு மாத நாய் சங்கிலியை இழுத்துக்கொண்டு ஓடுவதாகவும், வீட்டுக்கு வருபவர்கள் மீது பாய்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மூன்று வாரம் அங்கேயே தங்கவைக்கும் பள்ளியில் விடலாமா, வாரம் ஒருமுறை நடக்கும் வகுப்பில் சேர்க்கலாமா என்பது உங்கள் கேள்வி. இரண்டையும் காசு கொடுத்துப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வார வகுப்பிலேயே சேருங்கள். எந்த வகுப்பு என்பதை மட்டும், நாயை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகப் போய், ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

எங்கள் நாய்க்கு மைலோ என்று பெயர். மைலோ பானத்தின் நிறத்தில் இருப்பதைப் பார்த்து மகள் வைத்தது. கெப்போங்கில் ஒரு கார்ப் பட்டறையின் பின்னால் பிறந்த நாட்டு நாய். உங்கள் நாய் இப்போது செய்வதையெல்லாம் அதுவும் ஒன்பது மாதத்தில் செய்தது. எனக்கு அப்போது வேலை நெருக்கடி. நகருக்கு வெளியே இருந்த ஒரு பள்ளியில் மூன்று வாரத்துக்கு 2,400 ரிங்கிட் கட்டி விட்டுவிட்டு வந்தேன். அழைத்துவரப் போன அன்று அவர்கள் முற்றத்தில் மைலோ சொன்னபடி உட்கார்ந்தது, படுத்தது, காலோடு ஒட்டி நடந்தது. நான் பெருமையாகக் காணொளி எடுத்தேன். மறுநாள் காலை ஆணியில் மாட்டியிருந்த சங்கிலியை எடுத்தபோது, அந்தச் சத்தம் கேட்டதுமே வயிறு தரையில் படும்படி ஒடுங்கி, அங்கேயே சிறுநீர் கழித்தது. கழுத்து மயிரை விலக்கிப் பார்த்தேன். தொண்டைக்குக் கீழே, இரண்டு விரல் இடைவெளியில், மயிர் உதிர்ந்து காய்ப்பேறிய இரண்டு வட்டங்கள் இருந்தன, ஒவ்வொன்றும் மிளகளவு. மின்சாரக் கழுத்துப்பட்டையின் முனைகள் நாள் முழுவதும் அழுத்திய தடம் அது என்று கால்நடை மருத்துவர் பார்த்தவுடன் சொன்னார். பள்ளியில் கேட்டதற்கு, "ஷாக் எல்லாம் இல்லை அண்ணே, சும்மா கிச்சுகிச்சு மூட்டுற மாதிரிதான்" என்றார்கள். வேல்ஸ் நாட்டில் 2010 முதல் இந்தப் பட்டையை நாய்க்கு மாட்டுவதே குற்றம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இத்தனைக்குப் பிறகும், பத்து நாளில் சங்கிலியை இழுக்கும் பழக்கம் திரும்பிவிட்டது.

அது திரும்பியதில் வியப்பில்லை. நாய் ஒரு சொல்லை மட்டும் தனியாகக் கற்பதில்லை; சொன்ன ஆள், நின்ற இடம், அவர் இடுப்பில் தொங்கும் தீனிப் பை என எல்லாவற்றையும் சேர்த்தே கற்கிறது. அவர்கள் முற்றத்தில் படித்த பாடம் உங்கள் கேட்டைத் தாண்டி உள்ளே வர வேண்டுமானால், அதே பாடத்தை உங்கள் கையும் கற்றிருக்க வேண்டும். அடுத்து நாங்கள் சேர்ந்த சனிக்கிழமை வகுப்பில், முதல் அரை மணி நேரம் நாயிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பயிற்சியாளர் சங்கிலியின் ஒரு நுனியைத் தம் கையில் பிடித்துக்கொண்டு, "நான்தான் மைலோ, நடங்க அண்ணே" என்றார். இருபதடி நடப்பதற்குள் மூன்று முறை, எனக்கே தெரியாமல், அவர் கையைச் சுண்டி இழுத்திருந்தேன். பிறகு வீட்டில் யார் எந்தச் சொல்லில் கட்டளையிடுகிறீர்கள் என்று கேட்டார். அம்மா 'உக்காரு' என்பார், மகள் 'சிட்' என்பாள், நான் என்ன நினைப்பிலோ மலாயில் 'டூடோக்' என்று பழக்கியிருந்தேன். "மூணு மொழி தெரிஞ்ச நாய்னு பெருமைப்படாதீங்க, ஒண்ணுல நில்லுங்க" என்றார். பகல் முழுவதும் வீட்டில் இருப்பவர் அம்மா என்பதால் 'உக்காரு' நிலைத்தது.

ஆகவே நீங்கள் போய்ப் பார்க்கும்போது, நன்றாகச் செய்யும் நாயை விட்டுவிட்டுத் தவறு செய்யும் நாயைக் கவனியுங்கள். படுக்கச் சொன்ன நாய் எழுந்து ஓடினால், பயிற்சியாளர் பாடத்தை எளிதாக்கி மறுபடி கேட்கிறாரா, கழுத்தைச் சுண்டுகிறாரா? நாய் சரியாகச் செய்த அந்த நொடியிலேயே தீனி கொடுக்கிறாரா, பையைத் துழாவி எடுத்துத் தருவதற்குள் நாய் எழுந்துவிடுகிறதா? சங்கிலி பெரும்பாலும் யார் கையில் இருக்கிறது? அடிக்கடி உதட்டை நக்குவது, தூக்கமில்லாத நேரத்தில் கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது ஆகியவை அஞ்சிய நாயின் அடையாளங்கள். அதை அடக்கம் என்று எண்ணி நாம் மெச்சிக்கொண்டிருப்போம்.

போர்த்துகலில் ஏழு பயிற்சிப் பள்ளிகளைச் சேர்ந்த 92 நாய்களை வைத்துச் செய்து 2020இல் வெளியான ஆய்வு ஒன்றில், தண்டித்துப் பழக்கும் பள்ளிகளின் நாய்களிடம் இத்தகைய அடையாளங்கள் மிகுதியாக இருந்தன; வகுப்புக்குப் பின் அவற்றின் உமிழ்நீரில் மன அழுத்தத்தைக் காட்டும் கார்டிசோல் என்ற சுரப்பின் அளவும் கூடியிருந்தது. ஆய்வாளர்கள் இன்னொன்றும் செய்தார்கள். அறையின் ஒரு பக்கம் வைக்கும் கிண்ணத்தில் எப்போதும் சாசேஜ் துண்டு இருக்கும், மறுபக்கம் வைப்பது எப்போதும் காலி என்று பழக்கிவிட்டு, இரண்டுக்கும் நடுவில் ஒரு கிண்ணத்தை வைத்தார்கள். கடுமையாகப் பழக்கப்பட்ட நாய்கள் அதை நோக்கிப் போகத் தயங்கின. மைலோ சங்கிலிச் சத்தத்துக்கு ஒடுங்கியதை, இதைப் படித்தபோதுதான் சரியாகப் புரிந்துகொண்டேன்: இனி வருவது எதுவும் நல்லதாக இருக்காது என்று அது முன்கூட்டியே முடிவு செய்திருந்தது.

"நாய்க்கு நீங்கள் ஆல்ஃபாவாக", அதாவது அதை அடக்கி ஆளும் தலைவராக, "இருக்க வேண்டும்" என்று தொடங்கும் பள்ளியில் அதிக நேரம் உட்கார வேண்டியதில்லை. ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களை ஓர் இடத்தில் அடைத்துவைத்துப் பார்த்ததில் பிறந்த கருத்து அது. அதைப் பரவச் செய்தவர்களுள் ஒருவரான ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச், காட்டில் வாழும் ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய் தந்தையும் அவற்றின் குட்டிகளும் சேர்ந்த குடும்பம்தான் என்று 1999இல் எழுதித் திருத்திவிட்டார்.

நம் ஊருக்கென்று சில உண்டு. வகுப்பு காலை ஒன்பது மணிக்குள் முடிய வேண்டும் அல்லது மாலை ஆறுக்குப் பிறகு தொடங்க வேண்டும், கூரையும் இருக்க வேண்டும். நண்பகலில் தார்ச் சாலையில் புறங்கையை ஐந்து நொடி வைத்துப் பார்த்தால் காரணம் புரியும். தடுப்பூசி அட்டையைக் கேட்காமல் சேர்த்துக்கொள்ளும் இடத்தை நம்பாதீர்கள், ஏனெனில் மற்ற நாய்களிடமும் அவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். எலிகள் திரியும் கால்வாய்கள் உள்ள ஊரில், எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பிரோசிஸ் நோய்க்கான ஊசியும் அதில் இருப்பது நல்லது. நாய் வளர்க்க மாநகர் மன்ற உரிமம் எடுத்துவிட்டீர்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வகுப்பில் படித்ததைப் பழகிப் பார்க்க இடம் கிடைப்பதுதான் பெரிய தொல்லை. பெரும்பாலான பொதுப் பூங்காக்களில் நாய்க்கு அனுமதி இல்லை. நாங்கள் ஞாயிறு காலைகளில் டேசா பார்க்சிட்டி குடியிருப்புப் பகுதியின் பூங்காவுக்குப் போனோம். அங்கே சங்கிலியோடு நடத்தலாம், எதிரே வரும் நாய்களுக்கும் பஞ்சமில்லை.

தீனிக்கு அவித்த கோழி ஈரல்தான் சிறந்தது. வெள்ளிக்கிழமைகளில் எங்கள் அம்மா அதை அடுப்படிக்குள் விடமாட்டார் என்பதால், அன்று கேரட் துண்டுகளை வைத்துச் சமாளித்தோம்; பாதி வேகத்தில் பாடம் நடந்தது.

கட்டணத்தில் ஒன்று மட்டும் கவனியுங்கள்: எட்டு வகுப்புக்கும் சேர்த்து முன்பணம் கேட்டால், முதல் வகுப்புக்கு மட்டும் கட்டிவிட்டுப் பிறகு சொல்வதாகக் கூறுங்கள். நல்ல பயிற்சியாளர் மறுக்கமாட்டார். சனிக்கிழமை ஓய்வே கிடைக்காது என்றால், வாரம் ஒருமுறை வீட்டுக்கு வருபவரை அமர்த்திக்கொள்ளுங்கள், வீட்டிலுள்ள அத்தனை பேரும் அப்போது உடன் இருக்க வேண்டும்.

அதுவரை வரும் விருந்தினரிடம், நாய் பாய்ந்தால் முதுகைக் காட்டி நிற்கும்படியும், நான்கு காலும் தரையில் பட்ட பிறகே தடவிக் கொடுக்கும்படியும் கேட்டுக்கொள்ளுங்கள். பத்து முறையில் ஒருமுறை பாய்ந்து பலன் கிடைத்தாலும் நாய் பாய்வதை விடாது. எங்கள் வீட்டில் இதற்கு இன்றுவரை ஒத்துழைக்காதவர் என் சித்தப்பா. "பாவம், ஆசையா வருது" என்று தாமே குனிந்து முன்னங்கால்களைப் பிடித்துக்கொள்வார். அவர் வந்துபோகும் ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பிறகு, மைலோவுக்குத் திங்களன்று பாடம் முதலிலிருந்து தொடங்குகிறது.