லேப்டாப்பை ரிப்பேர் செய்தது யார்?

கேள்வி: லேப்டாப் பழுதானதால் ஒருநாள் வேலை தடைப்பட்டது. மறுநாள் மேலாளருக்கு 'ஐ ரிப்பேர்ட் மை லேப்டாப் எஸ்டர்டே' என்று மின்னஞ்சல் அனுப்பினேன். 'உங்களுக்கு ரிப்பேர் வேலை தெரியுமா? என்னுடையதையும் கொஞ்சம் பாருங்களேன்' என்று பதில் வந்தது. நான் சர்வீஸ் சென்டரில் கொடுத்துத்தான் சரிசெய்தேன். 'ஐ காட் மை லேப்டாப் ரிப்பேர்ட்' என்று எழுதியிருக்க வேண்டும் என்கிறார் உடன் பணிபுரியும் தோழி. 'காட்' என்றால் 'கிடைத்தது' என்றுதானே படித்தோம்? இதே இடத்தில் சிலர் 'ஹேட்' என்கிறார்கள், சிலர் 'மேட்' என்கிறார்கள். எதை எங்கே போடுவது?

பதில்: உங்கள் தோழி சொன்னது சரி. மேலாளர் புரிந்துகொண்டதிலும் தவறில்லை. நீங்கள் எழுதிய வாக்கியத்தில் இலக்கணப் பிழை எதுவும் கிடையாது. ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு நீங்களே உட்கார்ந்து சரிசெய்தீர்கள் என்று அது தெளிவாகச் சொல்கிறது. பிழை இல்லாததால் எழுத்துப்பிழை காட்டும் மென்பொருளும் அதன் கீழே கோடு போடாது. அதனால்தான் பல ஆண்டு ஆங்கிலம் எழுதியவர்களிடமும் இது திருந்தாமல் நிற்கிறது.

நாம் ஏன் இப்படி எழுதுகிறோம்? தமிழில் 'வண்டியை ரிப்பேர் செய்தேன்', 'பல் பிடுங்கினேன்', 'எக்ஸ்ரே எடுத்தேன்', 'வீடு கட்டினேன்' என்றால் யாரும் நம் கையைப் பார்ப்பதில்லை. நம் இலக்கணம் இதற்குப் பெயரே வைத்திருக்கிறது. 'தச்சன் கட்டிய கோயில்' என்றால் தச்சன் இயற்றுதல் கருத்தா, அதாவது வேலையைக் கையால் செய்தவன். 'அரசன் கட்டிய கோயில்' என்றால் அரசன் ஏவுதல் கருத்தா, செய்யச் சொன்னவன். இரண்டுக்கும் வினை ஒன்றுதான். யார் எது என்பதைக் கேட்பவர் தானாகவே பிரித்துக்கொள்கிறார். 'முடி வெட்டிக்கொண்டேன்' என்பதில் வரும் 'கொள்' கூட, பலன் எனக்கு என்றுதான் சொல்கிறது. கத்தரி யார் கையில் இருந்தது என்று சொல்வதில்லை.

ஆங்கிலம் பெரும்பாலும் அந்தக் கையைக் கேட்கிறது. வேறொருவர் செய்த வேலை என்றால் அமைப்பு இது: முதலில் 'ஹேவ்' அல்லது 'கெட்', அடுத்து பொருள், கடைசியில் வினையின் மூன்றாம் வடிவம். 'ஐ ஹேட் மை லேப்டாப் ரிப்பேர்ட்.' 'ஐ காட் மை லேப்டாப் ரிப்பேர்ட்.' இங்கே 'காட்' என்பதைக் 'கிடைத்தது' என்று மொழிபெயர்க்காதீர்கள். 'கொடுத்துச் செய்துகொண்டேன்' என்பதே அதன் பொருள்.

மூன்றாம் வடிவம் ஏன்? லேப்டாப் யாரையும் ரிப்பேர் செய்யவில்லை, அது ரிப்பேர் செய்யப்பட்டது. 'தி லேப்டாப் வாஸ் ரிப்பேர்ட்' என்ற செயப்பாட்டு வாக்கியம் ஒன்று உள்ளே ஒளிந்திருக்கிறது. எழுதும்போது சந்தேகம் வந்தால் பொருளுக்கும் வினைக்கும் நடுவில் 'வாஸ்' போட்டுப் பாருங்கள். அர்த்தம் வந்தால் வடிவம் சரி. பேச்சில் கடைசி 'ட்' காதில் சரியாக விழாததால், பலர் 'ஐ காட் மை ரூம் பெயிண்ட்' என்று எழுதிவிடுகிறார்கள். 'வாஸ் பெயிண்ட்' என்று வராது. ஆகவே 'ஐ காட் மை ரூம் பெயிண்டட்'.

சொற்களின் வரிசையில்தான் எல்லாம் இருக்கிறது. 'ஐ ஹேட் ரிப்பேர்ட் மை லேப்டாப்', 'ஐ ஹேட் மை லேப்டாப் ரிப்பேர்ட்' என்ற இரண்டையும் அடுத்தடுத்து வாய்விட்டுப் படியுங்கள். சொற்கள் ஒன்றே. முதலாவதில் 'ஹேட்' துணைவினை. 'அதற்கு முன்பே நானே சரிசெய்துவிட்டிருந்தேன்' என்று பொருள். இரண்டாவதில் 'மை லேப்டாப்' நடுவில் வந்துவிட்டது, உடனே வேலை வேறொருவர் கைக்குப் போய்விட்டது. தமிழில் சொற்களை இடம் மாற்றினால் அழுத்தம்தான் மாறும், செய்தவர் மாறமாட்டார். ஆங்கிலத்தில் செய்தவரே மாறிவிடுகிறார். என் மாணவர்களிடம் இந்த ஒரு ஜோடியை மட்டும் பத்து முறை எழுதச் சொல்வேன். விதியை விளக்குவதைவிட அது நன்றாக மனதில் நிற்கிறது.

இந்த அமைப்பில் 'ஹேவ்' முழுவினை. எனவே கேள்விக்கும் மறுப்புக்கும் 'டு', 'டிட்' துணைக்கு வர வேண்டும். 'டிட் யு ஹேவ் இட் ரிப்பேர்ட்?', 'ஐ டிடின்ட் ஹேவ் இட் ரிப்பேர்ட்' என்பவை சரி. 'ஹேட் யு இட் ரிப்பேர்ட்?' என்று தொடங்கக் கூடாது. காலத்தை மாற்றுவது எளிது, முதல் சொல்லை மட்டும் மாற்றினால் போதும். 'ஐ ஆம் கெட்டிங் இட் ரிப்பேர்ட்' என்றால் இப்போது கொடுத்திருக்கிறேன். 'ஐ நீட் டு கெட் இட் ரிப்பேர்ட்' என்றால் கொடுக்க வேண்டும். 'ஐ ஹேவ் ஹேட் இட் ரிப்பேர்ட் ட்வைஸ்' என்றால் இதுவரை இரண்டு முறை கொடுத்தாயிற்று. கடைசிச் சொல் எல்லாக் காலத்திலும் அப்படியே நிற்கும். செய்தவரைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால் கடைசியில் 'பை' போட்டுச் சேர்க்கலாம், பெரும்பாலும் தேவைப்படாது.

'ஹேட்' போடுவதா, 'காட்' போடுவதா என்று அதிகம் கவலைப்படாதீர்கள். எழுத்திலும் சற்று முறையான பேச்சிலும் 'ஹேவ்', அன்றாடப் பேச்சில் 'கெட்'. 'கண்ணைப் பரிசோதித்துக்கொள்' என்று ஒருவரிடம் சொல்லும்போது 'கெட் யுவர் ஐஸ் டெஸ்டட்' என்பது இயல்பாக ஒலிக்கும். ஓர் எச்சரிக்கை மட்டும்: 'ஐ காட் எவ்ரிதிங் டன்' என்றால் 'எல்லா வேலையையும் ஒருவழியாக முடித்தேன்' என்றும் பொருள்படும். அங்கே செய்தது நீங்களாகவே இருக்கலாம்.

பொருளுக்குப் பதில் ஆளைச் சொல்லும்போதுதான் உங்கள் 'மேட்' வருகிறது. இங்கேதான் தமிழ் நம்மை அதிகமாக இழுக்கிறது. 'கையெழுத்துப் போட வைத்தேன்', 'காத்திருக்க வைத்தார்கள்', 'சிரிக்க வைத்தாள்' என்று எல்லாவற்றையும் ஒரே 'வை' தாங்கிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் அது மூன்றாகப் பிரிகிறது.

'ஐ ஹேட் தி மெக்கானிக் செக் தி பிரேக்ஸ்': அது அவருடைய வேலை, சொன்னேன், செய்தார். 'ஐ காட் ஹிம் டு சைன்': அவருக்கு மனமில்லை, பேசிச் சம்மதிக்க வைத்தேன். 'தே மேட் மி வெயிட்': எனக்கு வேறு வழியில்லை. வற்புறுத்தலோ, தானாக நேர்வதோ இருந்தால் 'மேக்'. 'ஷி மேட் மி லாஃப்' என்பதில் கட்டாயம் இல்லை, ஆனால் சிரிப்பை அடக்கவும் முடியவில்லை. மேலாளரைப் பற்றி எழுதும்போது 'ஐ மேட் மை மேனேஜர் சைன்' என்று போட்டால் மிரட்டி வாங்கியதுபோல் ஆகிவிடும். அங்கே 'ஐ ஆஸ்க்ட் மை மேனேஜர் டு சைன்' என்பதே மரியாதை.

'டு' எங்கே என்று கவனித்தீர்களா? 'கெட்' உடன் மட்டும் வருகிறது. 'ஹேவ்', 'மேக்', 'லெட்' மூன்றுக்கும் வராது. 'தே மேட் மி டு வெயிட்', 'லெட் மி டு நோ' என்பவை நம்மிடம் மிகப் பரவலான பிழைகள். ஆனால் 'மேக்' செயப்பாட்டுக்குப் போனால் அந்த 'டு' திரும்பி வந்துவிடும்: 'ஐ வாஸ் மேட் டு வெயிட்'. காரணம் தேடாமல் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

இந்த அமைப்பில் எனக்கு மிகப் பிடித்த இடம் ஒன்று உண்டு. 'ஹி ஹேட் ஹிஸ் ஃபோன் ஸ்டோலன்.' அமைப்பு அதேதான். ஆனால் யாரும் ஆள் வைத்துத் தன் போனைத் திருடச் சொல்லமாட்டார்கள். இங்கே 'ஹேட்' ஏவுவதைச் சொல்லவில்லை, நேர்ந்த கெடுதலைச் சொல்கிறது. விசித்திரமாகத் தோன்றினால் தமிழைப் பாருங்கள்: 'போனைத் திருட்டுக் கொடுத்தான்', 'பறிகொடுத்தான்'. அவன் எங்கே கொடுத்தான்? ஆனாலும் இழந்தவனையே எழுவாயாக்கி, 'கொடு' என்று சொல்கிறோம். இந்த ஓர் இடத்தில் இரண்டு மொழிகளும் ஒரே மாதிரி யோசிக்கின்றன. 'ஹி வாஸ் ஸ்டோலன்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், திருடுபோனது அவனே என்றாகிவிடும்.

மருத்துவ விஷயங்களில் பெயர்ச்சொல்லே எளிய வழி. 'ஐ டுக் ஆன் எக்ஸ்ரே' என்றால் நீங்கள் கருவியை இயக்கியவர். 'ஐ ஹேட் ஆன் எக்ஸ்ரே' என்றால் உங்களுக்கு எடுத்தார்கள். 'கண் ஆபரேஷன் செய்துகொண்டேன்' என்பதற்கு 'ஐ ஆபரேட்டட் மை ஐ' என்று ஒருபோதும் வேண்டாம். 'ஐ ஹேட் ஆன் ஆபரேஷன் ஆன் மை ஐ' என்று சொல்லுங்கள். பல் பிடுங்கியதற்கு 'ஐ ஹேட் எ டூத் டேக்கன் அவுட்'. முடி வெட்டியதற்கு 'ஐ காட் எ ஹேர்கட்'.

ஆங்கிலம் எப்போதுமே இவ்வளவு கறாராக இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். 'வி ஆர் பில்டிங் எ ஹவுஸ்' என்றால் ஆள்வைத்துக் கட்டுவதையும் குறிக்கும், பெரிய கட்டுமானத்தைத் தனி ஆள் கட்டமாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். 'ஷி கட் ஹெர் ஹேர்' என்று ஆங்கிலம் தாய்மொழியானவர்களே சலூனுக்குப் போய் வந்த தோழியைப் பற்றிச் சொல்வதுண்டு. சிக்கல் வருவது, அந்த வேலையை ஒருவர் தானே செய்யவும் வாய்ப்புள்ள இடங்களில்தான்: ரிப்பேர், பெயிண்ட், துணி தைப்பது, மொழிபெயர்ப்பு, தட்டச்சு. 'ஐ டிரான்ஸ்லேட்டட் தி டாக்குமென்ட்' என்று விண்ணப்பத்தில் எழுதினால் மொழிபெயர்ப்பாளர் நீங்கள்தான். வேறொருவரைக் கொண்டு செய்திருந்தால், 'ஐ ஹேட் தி டாக்குமென்ட் டிரான்ஸ்லேட்டட்' என்பதே உண்மை.

உங்கள் மேலாளருக்கு இப்போதே ஒரு வரி அனுப்பிவிடுங்கள்: 'சாரி, ஐ மென்ட் ஐ ஹேட் இட் ரிப்பேர்ட் அட் எ சர்வீஸ் சென்டர்.' அவருடைய லேப்டாப்பும் உண்மையிலேயே பழுதாகியிருந்தால், 'யு கேன் கெட் யுவர்ஸ் ஃபிக்ஸ்ட் தேர் டூ' என்று கூடவே சேர்த்துக்கொள்ளலாம்.