ராத்திரி மட்டும் ஒரு மாத்திரை

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது. “ஒரு ஊசியைப் போட்டு அனுப்பிவிடச் சொல்லுடா” என்று தினமும் கெஞ்சுகிறார். நெதர்லாந்தில் இருக்கும் அண்ணன், “இங்கே அதற்குச் சட்டமே இருக்கிறது, கேட்பதைக் கொடுப்பதுதான் மரியாதை” என்கிறார். டாக்டரோ “உயிரை எடுப்பது என் வேலை இல்லை” என்று முடித்துவிட்டார். நான்கு மணி நேரத்துக்கு ஒன்று என்று மார்ஃபின் எழுதித் தந்திருக்கிறார். பழக்கமாகிவிடுமே என்று ராத்திரி மட்டும் ஒன்று கொடுக்கிறோம். யார் சொல்வது சரி?
- பெயர் வேண்டாம், திருநெல்வேலி

பதில்: அண்ணனும் டாக்டரும் இருக்கட்டும், தம்பி. ராத்திரி மட்டும் ஒன்றா? அந்த மாத்திரை வேலை செய்வதே சுமார் நான்கு மணி நேரம்தான். மிச்ச நேரமெல்லாம் எலும்பு வலியோடு கிடக்கிற மனுஷன் வேறு என்ன கேட்பார்?

பழக்கமாகிவிடும் என்கிறீர்கள். சாகவே விடலாமா என்று யோசிக்கிற வீட்டில் பழக்கத்துக்குப் பயமா? டாக்டர் சொன்ன அளவில் வலிக்குக் கொடுக்கிற மார்ஃபினால் போதை அடிமை ஆவது அபூர்வம். மலச்சிக்கல் வரும், அது நிச்சயம். அதற்கும் சேர்த்தே மருந்து கேட்டு வாங்குங்கள். இத்தனை நாள் எப்படிக் கொடுத்தீர்கள் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லி, அளவை அவரையே சரிசெய்யச் சொல்லுங்கள். எலும்பு வலிக்கு ஒரே ஒரு தடவை கதிர்வீச்சு கொடுத்தாலே பலருக்கு நன்றாகக் குறைகிறது. அதையும் கேளுங்கள். நடமாட முடியாதவர் என்றால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலி தணிப்புச் சிகிச்சை தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

இப்போது அண்ணன். 2002 முதல் அங்கே சட்டம் இருப்பது உண்மை. ஆனால் தாங்க முடியாத, தீர வழியில்லாத வேதனை என்று டாக்டர் நம்ப வேண்டும். வேறு நியாயமான வழி இல்லை என்று நோயாளியும் அவரும் சேர்ந்து முடிவுக்கு வர வேண்டும். சம்பந்தமில்லாத இன்னொரு டாக்டரும் நேரில் வந்து பார்க்க வேண்டும். உங்கள் அப்பா ஆம்ஸ்டர்டாமிலேயே படுத்திருந்தாலும் அந்த டாக்டர் முதலில் மாத்திரைச் சீட்டைத்தான் கேட்பார். என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

உங்கள் டாக்டர் மறுத்ததில் தப்பில்லை. உலக மருத்துவச் சங்கமும் அதே நிலையில்தான் இருக்கிறது. இங்கே சட்டப்படி தற்கொலைக்குத் துணை போனால் பத்து வருடம் வரை சிறை. ஆனால் வலியோடு வந்தவரை “என் வேலை இல்லை” என்ற ஒரு வரியில் அனுப்பினாரே, அதற்கு அவர் மேல் எனக்கும் கோபம்தான். மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பெற்றவரின் வலியைத் தீர்ப்பது பிள்ளையின் கடமை, கணக்கை முடிப்பது அல்ல என்பது என் கட்சி. தென் மாவட்டத்துக்காரர் நீங்கள், தலைக்கூத்தல் பற்றித் தெரியாமல் இருக்காது. படுக்கையில் விழுந்த முதியவர்களை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்துச் சாக அனுப்பியதற்கும் கருணை என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள்.

வலி அடங்கிய பிறகும் அப்பா அதையே கேட்டால்? கேட்கலாம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1997 முதல், ஊசி இல்லை, டாக்டர் எழுதித் தரும் மருந்தைத் தானே சாப்பிட்டுச் சாக அனுமதி உண்டு. அங்கே அதைக் கேட்டவர்கள் சொன்ன காரணங்களில் முன்னால் நிற்பது வலி இல்லை. தன் காரியத்தைத் தானே பார்க்க முடியவில்லை என்பதுதான். அதனால் பக்கத்தில் உட்கார்ந்து, எது பொறுக்கவில்லை என்று கேளுங்கள். வென்டிலேட்டரும் குழாயும் வேண்டாம் என்றால் அது அவர் உரிமை. உச்ச நீதிமன்றம் 2018-லேயே ஒப்புக்கொண்டது. நினைவு தெளிவாக இருக்கும்போதே இரண்டு சாட்சிகளோடு எழுதி, நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

அண்ணனைக் கொஞ்ச நாள் லீவு போட்டு வரச் சொல்லுங்கள். காலை ஆறு மணி மாத்திரையை அவர் எழுந்து கொடுக்கட்டும்.