செல்சியஸை ஃபாரன்ஹீட்டாக மனக்கணக்கிலேயே மாற்ற எளிய வழி இருக்கிறதா?

இருக்கிறது. அதன் அருமை ஒரு ராத்திரி எனக்குப் புரிந்தது.

அம்மா மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் வேலை பார்த்தவர். அந்தக் காலத்தில் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெஸர் ஐயாவிடம் இருந்த பாதரச வெப்பமானியில் ஃபாரன்ஹீட்தான். "நூறைத் தாண்டினா கொண்டு வா" என்பார். அந்த நூறு அம்மாவின் மனதில் அப்படியே பதிந்துவிட்டது. போன வருஷம் தங்கை மகனுக்குக் காய்ச்சல். புது டிஜிட்டல் வெப்பமானியில் 39.5. "நாப்பதுகூட இல்லையேடா, ஒன்னும் இல்ல, தூங்கட்டும்" என்று போனில் அம்மா சொன்னபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

கணக்கு இதுதான்: இரண்டால் பெருக்குங்கள், வந்ததில் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள், 32 கூட்டுங்கள். 39.5 இருமடங்கானால் 79. அதில் 7.9 போக 71.1. கூட்டினால் 103.1. நான் அதைச் சொன்னதும் அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக் கிளம்பிவிட்டார்.

இது தோராயம் இல்லை, துல்லியமான விடை. தண்ணீர் உறைவதிலிருந்து கொதிப்பது வரை செல்சியஸில் 100 படி, ஃபாரன்ஹீட்டில் 32 முதல் 212 வரை 180 படி. அதனால் ஒரு செல்சியஸ் படிக்கு 1.8 ஃபாரன்ஹீட். இரண்டில் அதன் பத்தில் ஒரு பங்கான 0.2ஐக் கழித்தாலும் அதே 1.8தான்.

"இரட்டிப்பாக்கி 30 கூட்டு" என்று பலர் சொல்லித் தருவார்கள். வெயிலைப் பற்றிப் பேச அது போதும். காய்ச்சலுக்கு வேண்டவே வேண்டாம், 39.5ஐ அது 109 ஆக்கிவிடும்.

திருப்பி மாற்ற, 32 கழித்து 1.8ஆல் வகுக்க வேண்டும். பழைய கேக் குறிப்பில் 350 என்றிருந்தால் ஓவனில் ஏறக்குறைய 177 செல்சியஸ்.

பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. மறுநாள் காய்ச்சல் 38க்கு இறங்கியது. "எவ்வளவு குறைஞ்சிருக்கு?" என்று அம்மா கேட்டார். குறைந்தது 1.5 செல்சியஸ், அதாவது 2.7 ஃபாரன்ஹீட். வித்தியாசத்தை மாற்றும்போது 32ஐத் தொடக்கூடாது, 1.8ஆல் பெருக்கினால் போதும்.

இப்போது வீட்டுக் காலண்டர் ஓரத்தில் அம்மா கையெழுத்தில் இருக்கிறது: 37க்கு 98.6, 38க்கு 100.4, 39க்கு 102.2, 40க்கு 104. அந்த 38க்குக் கீழே மட்டும் சிவப்புப் பேனாவில் இரண்டு கோடு.