பிள்ளையின் பைலில் பொய் ஏறக் கூடாது

கேள்வி: என் நடு அக்கா 3 வருடங்களுக்கு முன் புற்றுநோயால் காலமானார். அவரது 9 வயது மகளை அம்மாவும் நானும் களுவாஞ்சிகுடியில் வளர்க்கிறோம். ரொறன்ரோவில் இருக்கும் மூத்த அக்காவுக்கும் அத்தானுக்கும் பிள்ளைகள் இல்லை. இவளைத் தத்தெடுக்க 2 வருடமாக முயல்கிறார்கள். ஒரு கடிதம் கொடுத்தால் அதிகாரிகள் இன்னொன்று கேட்கிறார்கள். பிள்ளையின் தகப்பன் வாழைச்சேனையில் வேறு குடும்பத்தோடு இருக்கிறார், இவளை எட்டிப் பார்ப்பதில்லை. அவரிடம் கையெழுத்துக் கேட்டுப் போக எங்களுக்கு விருப்பமில்லை. அவர் காணாமல் போய்விட்டதாகச் சத்தியக் கடதாசி முடித்தால் மிச்சத்தைத் தான் பார்ப்பதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். பிள்ளையோ "எப்ப போறது?" என்று தினமும் கேட்கிறாள். என்ன செய்வது?
– ஒரு சின்னம்மா, களுவாஞ்சிகுடி

பதில்: அன்புச் சகோதரி, அந்தச் சத்தியக் கடதாசியை முடிக்காதீர்கள். வாழைச்சேனையில் உயிரோடு இருக்கும் ஒருவரைக் காணாமல் போனவர் என்று சத்தியம் செய்வது குற்றம். அதோடு, எங்கள் மட்டக்களப்பு மாவட்டத்தில் போர்க்காலத்தில் உண்மையாகவே காணாமல் போன பிள்ளைகளின் படத்தைக் கையில் பிடித்தபடி தாய்மார் இன்றைக்கும் வீதியோரம் நிற்கிறார்கள். அவர்கள் இருக்கும் ஊரில் இந்தப் பொய்யைச் சொல்ல உங்களுக்கும் மனம் வராது.

1941ஆம் ஆண்டின் மகவேற்புக் (தத்தெடுப்புக்) கட்டளைச் சட்டப்படி, உயிரோடு இருக்கும் பெற்றோரின் சம்மதத்தை நீதிமன்றம் கேட்கும். பிள்ளையைக் கைவிட்டவர் என்றால் அந்தச் சம்மதம் இல்லாமலும் கட்டளை கொடுக்கலாம். ஆக, அவர் மறுத்தாலும் வழி அடைபடாது. நீங்கள் நேரில் போய்க் கெஞ்சவும் வேண்டாம், காசு கொடுக்கவே வேண்டாம். காசுக்கு வாங்கிய சம்மதம் செல்லாது. நன்னடத்தை உத்தியோகத்தரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லி, அவர் மூலமாகக் கேளுங்கள்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கக் காரணம் உண்டு. 1980களில் இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பாவுக்குப் போனார்கள். பலருடைய பிறப்புச் சான்றிதழில் இருந்த தாயின் பெயரே பொய். தாய் என்று நீதிமன்றத்தில் வந்து நின்றவள் வேறொருத்தியாக இருந்ததும் உண்டு. அந்தப் பிள்ளைகள் இன்று வளர்ந்து பெரியவர்களாகி, பெற்றவளைத் தேடி வந்து, பொய் விலாசத்தோடு அலைகிறார்கள். 2020இல் சுவிஸ் அரசு தன் பக்கத் தவறுக்கு வருத்தம் தெரிவித்தது. 1992இல் நமது சட்டம் இறுக்கப்பட்டதும், 1995இல் நாடுகளுக்கிடையிலான தத்தெடுப்பு பற்றிய ஹேக் உடன்படிக்கை இங்கே நடைமுறைக்கு வந்ததும் இந்தக் கொடுமைகளுக்குப் பிறகுதான். உங்களிடம் திரும்பத் திரும்பக் கடிதம் கேட்பதும் அதனால்தான். உங்கள் பெறாமகள் 25 வயதில் அந்தப் பைலைத் திறந்து பார்ப்பாள். அதில் தகப்பனைப் பற்றி உண்மை இருக்கட்டும்.

தாமதம் ஒரே இடத்தில் இல்லை. அக்கா வீட்டை ஆராய்வது ஒன்ராறியோ மாகாணத்தின் வேலை. பிள்ளையை நாட்டுக்குள் விடுவது கனடாவின் மத்திய அரசு. இங்கே பத்தரமுல்லையில் நன்னடத்தை சிறுவர் பராமரிப்பு சேவைகள் திணைக்களம், அப்புறம் நீதிமன்றம். இரு நாட்டு அதிகாரசபைகளும் இணங்காமல் பிள்ளையைக் கையளிக்க முடியாது. சொந்தம் என்பதால் இந்த வரிசை சுருங்காது. விசிட் விசாவில் கூட்டிப்போய் அங்கே வைத்துப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் அதையும் கேட்காதீர்கள். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: 14 வயதுக்குக் குறைந்த பிள்ளையைத்தான் இங்கே மகவேற்க முடியும். உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது, ஆனால் பைலைத் தூங்க விடக் கூடாது.

கடதாசிகள் திரும்பி வர ஒரு பெரிய காரணம் பெயர். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், அக்காமார் இருவரின் பிறப்புச் சான்றிதழ்கள், மரணச் சான்றிதழ் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, உங்கள் அப்பாவின் பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ஒன்றில் முதலெழுத்தோடும் மற்றதில் முழுப்பெயராகவும் இருந்தால் நமக்கு அவர் ஒரே ஆள், கனடா அதிகாரிக்கு இரண்டு பேர். அக்காமார் இருவரும் சகோதரிகள் என்பதே அங்கே சந்தேகமாகிவிடும். சத்தியக் கடதாசி முடிப்பதென்றால் இதற்கு முடியுங்கள்: இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று. மொழிபெயர்ப்பவரிடமும் பாஸ்போர்ட்டில் உள்ள ஆங்கில எழுத்தையே பாவிக்கச் சொல்லுங்கள். பொலிஸ் அறிக்கை, மருத்துவ அறிக்கை போன்றவை காலாவதியாகும். அவற்றை முந்தி எடுத்து வைக்காமல் கேட்கும்போது எடுங்கள்.

சரி, பிள்ளைக்கு வருவோம். என் கவலையெல்லாம் அவள்மேல்தான். "கனடா போகப்போறவளுக்கு என்னத்துக்குப் புலமைப்பரிசில் பரீட்சை?" என்று வீட்டில் யாராவது சொல்லத் தொடங்கியிருந்தால் உடனே நிறுத்துங்கள். அவள் வகுப்புக்குப் போகட்டும், பரீட்சை எழுதட்டும். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு வந்தால், "அடுத்த வருசம் நீ இஞ்ச இருக்கமாட்டாய்" என்று சொல்லாமல் கூட்டிப்போங்கள். காத்திருப்பது பெரியவர்களின் வேலை. திகதி எதுவும் சொல்லாதீர்கள். "பெரியம்மா கேட்டிருக்கிறா, அலுவல் நடக்குது, எப்ப முடியுமெண்டு எங்களுக்கும் தெரியாது. முடிவு வந்தா உனக்குத்தான் முதல்ல சொல்லுவம்" என்றால் போதும், அவளுக்கு விளங்கும். ஞாயிறு இரவு ஏழு மணிக்கு ரொறன்ரோவில் காலைநேரம். ஒவ்வொரு கிழமையும் அந்த நேரத்தில் பெரியம்மா வாட்ஸ்அப்பில் வரட்டும். பொம்மை வாங்கித் தருவதைப் பற்றிப் பேசாமல், அந்தக் கிழமை பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று கேட்கட்டும்.

அவளிடம் நீங்களும் ஒன்று கேளுங்கள்: போக விருப்பமா? 10 வயதைத் தாண்டிய பிள்ளையின் சம்மதம் சட்டப்படியே தேவை. அம்மம்மாவை விட்டுப் போக மனமில்லை என்று அவள் சொன்னால், அதையும் மூத்த அக்காவிடம் மறைக்காதீர்கள்.

இந்தக் கிழமையே பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைச் சந்தித்து, பைல் எந்த மேசையில் நிற்கிறது என்று கேளுங்கள். அந்த ஏஜென்டிடம் அசல் சான்றிதழ் ஏதாவது கொடுத்திருந்தால் முதலில் அதைத் திருப்பி வாங்குங்கள். தர மறுத்தாலோ மிரட்டினாலோ சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929க்கு அழையுங்கள்.