கதையில் இருக்கிறதா, நம் தலையில் இருக்கிறதா?

வணக்கம்.

சில மாதங்களாக உளவியலாளர் கார்ல் யுங் பற்றிப் படித்து வருகிறேன். அதன் பிறகு எந்த மாயக்கதைப் படத்தைப் பார்த்தாலும் கை தானாகக் குறிப்பு எழுதுகிறது. குகை வந்தால் நனவிலி (நமக்கே தெரியாத ஆழ்மனம்), சூனியக்காரி வந்தால் விழுங்கும் தாய், வில்லன் வந்தால் நாயகனின் நிழல், அதாவது அவன் தன்னுள் ஏற்க மறுக்கும் பக்கம். மியாசாகியின் ஜப்பானிய அனிமேஷன் படமான ‘ஸ்பிரிட்டட் அவே’ பார்த்துவிட்டு ‘முகமில்லாதவன் = பேராசை’ என்று எழுதி வைத்தேன். எழுதியதும் ஏதோ விட்டுப்போனது போல இருந்தது. நண்பனோ சிரிக்கிறான்: “குழந்தைங்களுக்கு எடுத்த படம்டா, டைரக்டர் இதெல்லாம் நினைச்சே பார்த்திருக்க மாட்டாரு.” நான் மிகையாக வாசிக்கிறேனா? இன்னொன்று, பத்து வயது மகளோடு சேர்ந்துதான் இந்தப் படங்களைப் பார்க்கிறேன். அவளுக்கு இந்த அர்த்தங்களைச் சொல்லிக்கொடுக்கலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் நண்பர் சொன்னதை முதலில் பார்த்துவிடலாம். உர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய எர்த்ஸீ வரிசையின் முதல் நாவலில் கெட் என்றொரு மாணவன் வருகிறான். மந்திரம் கற்கும் இடத்தில், சக மாணவனிடம் வீம்புக்காக, இறந்துபோன ஒருத்தியின் ஆவியை அழைக்கிறான். அப்போது உண்டான பிளவு வழியாக இன்னொன்றும் வந்து அவன் முகத்தைக் கிழிக்கிறது. அது என்னவென்று யாருக்கும் தெரியவில்லை, நிழல் என்கிறார்கள். கெட் அதற்குப் பயந்து தீவு தீவாக ஓடுகிறான். ‘திரும்பு, நீ அதைத் துரத்து’ என்கிறார் ஆசான். துரத்தத் தொடங்கியதும் நிழல் ஓட ஆரம்பிக்கிறது. கடைசியில், கடலின் தொலைவில், இருவரும் எதிரெதிரே நின்று ஒரே நேரத்தில் ஒரே பெயரைச் சொல்கிறார்கள். அது கெட்டின் பெயர்.

யுங் சொன்ன ‘நிழலை’ வகுப்பில் விளக்க இதைவிட நல்ல கதை கிடைக்காது. ஆனால் இதை எழுதியபோது லெ குவின் யுங்கைப் படித்திருக்கவில்லை, அவரே சொல்லியிருக்கிறார். பிற்பாடு படித்தார், 1975இல் நிழலைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதினார். ஆகவே ‘எழுதியவர் நினைத்தாரா’ என்பது சுவாரஸ்யமான கேள்வியாக இருக்கலாம், தீர்ப்பு சொல்லும் கேள்வி அல்ல. எழுதுகிறவருக்கே தான் எழுதியது என்னவென்று பல நேரம் பிந்தித்தான் தெரியவரும்.

அப்படியானால் எதை வேண்டுமானாலும் சொல்லலாமா? இங்கே உளப்பகுப்பாய்வாளர் எரிக் ஃபிராமை நினைத்துக்கொள்ளுங்கள். 1951இல் வந்த ஒரு நூலில் அவர் செந்தொப்பிச் சிறுமியின் (‘லிட்டில் ரெட் ரைடிங் ஹூட்’) கதையை விளக்கினார். சிவப்புத் தொப்பி மாதவிடாயின் குறியீடு. ‘வழியை விட்டு விலகாதே, பாட்டிலை உடைத்துவிடாதே’ என்று அம்மா சொல்வது கன்னிமை பற்றிய எச்சரிக்கை. கேட்க அருமையாகத்தான் இருக்கிறது. 1984இல் வரலாற்றாசிரியர் ராபர்ட் டார்ன்டன் ஒரே ஒரு வேலை செய்தார்: பிரெஞ்சுக் குடியானவர்கள் வாய்வழியாகச் சொல்லிவந்த கதையை எடுத்துப் பார்த்தார். அதில் சிவப்புத் தொப்பி இல்லை, பாட்டில் இல்லை, அம்மாவின் எச்சரிக்கையும் இல்லை. தொப்பி 1697இல் சார்ல் பெரோ அச்சிட்டபோது வந்து சேர்ந்தது. மற்றவை க்ரிம் சகோதரர்களின் பதிப்பில் இருப்பவை. ‘க்ரிம் பதிப்பை நான் இப்படி வாசிக்கிறேன்’ என்று ஃபிராம் நிறுத்தியிருந்தால் யாரும் சண்டைக்கு வந்திருக்க மாட்டார்கள். இந்தக் குறியீடுகளே மனித குலம் மறந்த ஆதிமொழி என்றார், மாட்டிக்கொண்டார்.

(‘விசார்ட் ஆஃப் ஆஸ்’ படத்தின் சிவப்புக் காலணிக்கும் இப்படி ஆழ்மன விளக்கம் தேடுகிறவர்கள் உண்டு. 1900இல் வந்த புத்தகத்தில் அது வெள்ளிக் காலணி. 1939இல் டெக்னிகலர் திரையில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காகச் சிவப்பாக்கினார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகும் அந்தச் சிவப்பைப் பற்றிப் பேச ஏதாவது மிஞ்சினால் தாராளமாகப் பேசலாம்.)

இப்போது உங்கள் குறிப்பேட்டுக்கு வருகிறேன். உங்கள் சிக்கல் மிகையாக வாசிப்பது இல்லை. குறைவாக வாசிக்கிறீர்கள். பாம்பு வந்தால் இது, யானை வந்தால் அது என்று கனவுக்குப் பலன் சொல்லும் புத்தகம் மாதிரி யுங்கைப் பயன்படுத்துகிறீர்கள். அவரோ அதற்கு நேரெதிராகச் சொன்னவர். இன்னதற்குப் பதில் இது என்று மாற்றிவைக்க முடிந்தால் அது வெறும் அடையாளம். வேறு எப்படியும் சொல்லிவிட முடியாத ஒன்றைச் சொல்ல வருவதுதான் குறியீடு.

முகமில்லாதவனையே எடுத்துக்கொள்வோம். யுபாபா என்ற சூனியக்காரி கடவுள்களுக்காக நடத்தும் குளியல் விடுதியில் சிஹிரோ என்ற சிறுமி மாட்டிக்கொண்டு வேலை செய்கிறாள், அங்கே வரும் ஓர் ஆவிதான் இவன். முதலில் அவனுக்குக் குரலே இல்லை, ‘ஆ, ஆ’ என்கிறான், அவ்வளவுதான். விடுதியில் வேலை பார்க்கும் தவளையைத் தங்கம் காட்டி இழுத்து விழுங்குகிறான். அதன் பிறகுதான் பேசுகிறான், அதுவும் தவளையின் குரலில். உள்ளங்கையிலிருந்து தங்கம் கொட்டுகிறது, விடுதியே அவன் காலடியில் விழுகிறது, அவனும் தின்று தின்று ஊதுகிறான். இதுவரைக்கும் ‘பேராசை’ பொருந்துகிறது. ஆனால் சிஹிரோ தங்கத்தை வேண்டாம் என்கிறாள். இந்த விடுதியில் இருப்பதால்தான் அவன் இப்படி ஆகிறான், வெளியே கூட்டிப் போக வேண்டும் என்றும் அவளே சொல்கிறாள். விழுங்கியதையெல்லாம் கக்கிக்கொண்டே வெளியே வந்து, பரம சாதுவாக அவள் பின்னால் நடக்கிறான். யுபாபாவின் இரட்டைச் சகோதரி ஸெனிபாவின் வீட்டில் உட்கார்ந்து நூல் நூற்கிறான். பேராசை எங்கே போயிற்று? அது அவனுடையதே இல்லை. விடுதியின் பேராசையைத்தான் அவன் விழுங்கி, பெரிதாக்கிக் காட்டினான். தனக்கென்று எதுவும் இல்லாதவன், எங்கே நிற்கிறானோ அதுவாக ஆகிவிடுகிறான். பெயரில் பாதியை யுபாபாவிடம் பறிகொடுத்துவிட்டு, ‘சென்’ ஆகிக்கொண்டிருக்கும் சிறுமிக்கும் அதே ஆபத்துதான். இருவரும் ரயிலில் ஏன் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போகிறார்கள் என்பது அப்போதுதான் புரிகிறது. சமக்குறி போட்டதும் பார்ப்பதை நிறுத்திவிட்டீர்கள், உங்களுக்கு விட்டுப்போனதாகத் தோன்றியது இதுதான்.

அதே படத்தில் துர்நாற்றக் கடவுள் குளிக்க வருகிறார். அவர் விலாவில் முள் மாதிரி ஏதோ சிஹிரோவின் கையில் தட்டுப்படுகிறது. கயிறு கட்டி எல்லோரும் இழுக்க, வெளியே வருவது ஒரு சைக்கிள். பின்னாலேயே மலைமலையாகக் குப்பை. வந்தவர் உண்மையில் ஒரு நதிக் கடவுள். அழுத்தி வைத்த நினைவுகள் வெளியேறுவதாக இதை வாசிக்கலாம், தப்பில்லை. ஆனால் அந்தச் சைக்கிளைச் சைக்கிளாகவும் பார்க்க வேண்டும். மியாசாகி ஒரு நதியைச் சுத்தம் செய்யும் பணியில் கலந்துகொண்டபோது நிஜமாகவே சைக்கிளை இழுத்தெடுத்திருக்கிறார். தன் பெயரை மறந்துபோய் யுபாபாவிடம் வேலை பார்க்கும் ஹாகு என்ற சிறுவனும் ஒரு நதிதான். அந்த நதியை மூடி மேலே குடியிருப்பு கட்டிவிட்டார்கள். ஒரு நதிக்குக் குப்பையை எடுத்தால் போதும், இன்னொன்றுக்குத் திரும்பிப்போக இடமே இல்லை. ‘நதி = நனவிலி’ என்று எழுதியிருந்தால் இந்த இரண்டு நதிகளும் ஒன்றாகியிருக்கும்.

இந்தப் பயிற்சி நமக்குப் புதிதும் இல்லை. குறுந்தொகையின் எட்டாம் பாடலில் பரத்தை பேசுகிறாள்: ‘கழனி மாஅத்து விளைந்துகு தீம்பழம் பழன வாளை கதூஉம் ஊரன்’. வயலோர மாமரத்தில் பழுத்துத் தானாக விழும் பழத்தைக் குளத்து வாளைமீன் கவ்வுகிறது. மீன் மரமேறவில்லை, பறிக்கவில்லை. தலைவன் தானாகத்தான் வந்தான், நான் வலைவீசவில்லை என்று அவள் சொல்லாமல் சொல்கிறாள். உரைகாரர்கள் உள்ளுறை (இயற்கைக் காட்சிக்குள் மறைந்திருக்கும் பொருள்) காணும்போது மரம், கனிவு, விழுதல், கவ்வுதல் என்று ஒவ்வொன்றும் எங்கே பொருந்துகிறது என்று பார்ப்பார்கள். ‘மீன் என்றால் காமம்’ என்று பட்டியல் போட மாட்டார்கள். அடுத்த பாடலில் மீன் வேறு வேலை செய்யும்.

ஊரை விட்டுக் கிளம்பி, சோதனைகளைக் கடந்து, வரத்தோடு திரும்பும் ‘நாயகனின் பயணம்’ பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அங்கேதான் போவீர்கள், எனவே இப்போதே சொல்லிவிடுகிறேன். புராண ஆய்வாளர் ஜோசப் கேம்ப்பெல் 1949இல் அந்த வரைபடத்தைத் தந்தபோது அது ஒரு கண்டுபிடிப்பு. 1977இல் ‘ஸ்டார் வார்ஸ்’ வந்த பிறகு, அதை எடுத்த ஜார்ஜ் லூகாஸ் அவரிடம் கடன்பட்டதை வெளிப்படையாகச் சொன்ன பிறகு, ஹாலிவுட்டில் அதுவே திரைக்கதை எழுதும் வாய்ப்பாடாகிவிட்டது. வாய்ப்பாட்டைப் பார்த்து எடுத்த படத்தில் அதே வாய்ப்பாட்டைக் கண்டுபிடிப்பதில் என்ன இருக்கிறது? எனக்கு அந்த வரைபடம் பொருந்தாத இடங்களில்தான் ஆர்வம். பாண்டவர்கள் வென்றார்கள், ஆண்டார்கள், கடைசியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மலையேறினார்கள். ஒவ்வொருவராக வழியில் விழ, ஒரு நாயோடு தருமன் மட்டும் போய்ச் சேர்கிறான். வரத்தோடு ஊர் திரும்பும் நாயகன் அங்கே யாரும் இல்லை.

மகளிடம் சொல்லலாமா என்ற கேள்விக்கு என் பதில், வேண்டாம். தேவதைக் கதைகளை ஃபிராய்டின் வழியில் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து 1976இல் ஒரு புத்தகமே எழுதிய புரூனோ பெட்டல்ஹைம்கூட, அந்த விளக்கங்களைக் குழந்தையிடம் சொல்லாதீர்கள், சொன்னால் கதையின் வசியம் போய்விடும் என்றார். அவருடைய விளக்கங்களில் பாதியை நான் ஏற்பதில்லை, இதை ஏற்கிறேன். உங்கள் மகள் அதே படத்தை மறுபடி கேட்டால் போட்டுவிடுங்கள், ‘எத்தனை தடவை’ என்று சலித்துக்கொள்ளாதீர்கள். ‘முகமில்லாதவன் ஏன் தவளையைத் தின்றான்?’ என்று அவளாகக் கேட்டால், ‘அதற்கு முன்னால் அவனுக்குப் பேச வந்ததா?’ என்று திருப்பிக் கேளுங்கள். அவள் என்ன சொன்னாள் என்று எனக்கும் எழுதுங்கள்.