1280-ஆம் பதிப்பு டுவார்ஃப் எங்கிருந்து வந்தது?

கேள்வி: எக்ஸ்86 லினக்ஸில் ஓடும் எங்கள் கம்பைலர் கருவி எஸ்390எக்ஸுக்கான (ஐபிஎம் மெயின்ஃப்ரேம் கணினி வகை) ஆப்ஜெக்ட் ஃபைலை உருவாக்குகிறது. புரோகிராம் ஒழுங்காக ஓடுகிறது. ஜிடிபி டீபக்கரில் திறந்தால் மட்டும், டுவார்ஃப் (டீபக் தகவலை எழுதும் வடிவம்) பதிப்பு 1280 என்று சொல்லி நின்றுவிடுகிறது. எந்தெந்த எண்களின் பைட் வரிசையைத் திருப்பி எழுத வேண்டும்?

பதில்: அந்த 1280-லேயே விடை இருக்கிறது. டுவார்ஃபின் பதிப்பு எண்ணுக்கு இரண்டு பைட். எஸ்390எக்ஸ் பிக் எண்டியன் (பெரிய மதிப்புள்ள பைட் முதலில் வரும்) என்பதால் ஐந்தை 00 05 என்று எழுத வேண்டும். உங்கள் கருவி 05 00 என்று எழுதியிருக்கிறது. ஜிடிபி அதை 5 × 256 என்று படித்துவிட்டது. அதற்கு முன்னால் உள்ள நான்கு பைட் நீளத்தையும் பாருங்கள். 72 என்று இருக்க வேண்டியது 120,79,59,552 ஆகியிருக்கும்.

டீபக் தகவலின் பைட் வரிசையை முடிவு செய்வது புரோகிராம் ஓடப்போகும் கணினிதான். கம்பைலர் எங்கே ஓடுகிறது என்பதற்கு இதில் வேலையே இல்லை. எல்ஃப் (லினக்ஸின் ஆப்ஜெக்ட் ஃபைல் வடிவம்) ஃபைலின் ஆறாவது பைட்டைப் பாருங்கள்: 1 என்றால் லிட்டில் எண்டியன் (சிறிய மதிப்புள்ள பைட் முதலில்), 2 என்றால் பிக்.

நீளம், பதிப்பு, முகவரி, ஆஃப்செட், 2, 4, 8 பைட் மாறிலிகள் எல்லாம் இந்த வரிசையைப் பின்பற்ற வேண்டும். பெயர்களையும் ஒற்றை பைட்டுகளையும் தொடக்கூடாது. எல்இபி128 எண்களையும் (பைட்டுக்கு ஏழு பிட்டாகப் பிரித்து எழுதும், நீளம் மாறும் எண்கள்) அப்படியே விடுங்கள். 129 எந்தக் கணினிக்கு எழுதினாலும் ஹெக்ஸில் 81 01 தான்.

பலரும் தவறவிடும் இடம், மாறி எங்கே இருக்கிறது என்று சொல்லும் லொக்கேஷன் எக்ஸ்பிரஷன். வெளியே இருந்து பார்த்தால் அது வெறும் பைட் தொகுதி போலத் தெரியும். உள்ளே ஒரு பைட் ஆப்கோடுக்கு (என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் எண்) பின்னால் எட்டு பைட் முகவரி உட்கார்ந்திருக்கும். அந்த முகவரியைத் தனியாகச் சரியான வரிசையில் எழுத வேண்டும். தொகுதி முழுவதையும் திருப்பினால் ஆப்கோடு கடைசிக்குப் போய்விடும்.

டுவார்ஃப் 5-இல் மூன்று பைட் இண்டெக்ஸும் உண்டு. நான்கு பைட்டாகத் திருப்பி முதல் மூன்றை எழுதினால், 5 என்பது 00 00 00 ஆகிவிடும்.

இன்னொன்று உங்களை ஏமாற்றக்கூடும். எஸ்390எக்ஸில் ரீலொகேஷன் உள்ள இடங்களில் (ஆப்ஜெக்ட் ஃபைல்களை இணைக்கும் லிங்கர் பிறகு நிரப்ப வேண்டியவை), மதிப்பை லிங்கரே சரியான வரிசையில் எழுதிவிடும். அதனால் ஸ்ட்ரிங் ஆஃப்செட் சரியாகவும், பக்கத்திலேயே வரி எண் தவறாகவும் தெரியலாம். அதை வைத்துப் பாதி சரி என்று நம்பிவிடாதீர்கள்.

திருத்தம் என்று வந்தால், ஸ்ட்ரக்டை மெமரியிலிருந்து அப்படியே ஃபைலுக்கு நகல் எடுக்கும் கோடு முழுவதையும் நீக்கச் சொல்வேன். மதிப்பு, பைட் எண்ணிக்கை, டார்கெட்டின் வரிசை ஆகிய மூன்றையும் வாங்கிக்கொண்டு, ஷிஃப்ட் செய்து ஒவ்வொரு பைட்டாக எழுதும் ஒரே ஃபங்ஷன் போதும். கருவி ஓடும் கணினியின் வரிசை என்ன என்று அந்த ஃபங்ஷன் கேட்கவே வேண்டாம். மூன்று பைட் சிக்கலும் தானாகத் தீரும். அழைக்கும் இடத்தில் யாராவது முன்கூட்டியே திருப்பி அனுப்புகிறார்களா என்று மட்டும் தேடிப் பாருங்கள். இரண்டு முறை திருப்பினால் பழைய தவறே திரும்ப வரும்.

பிறகு உங்கள் கருவியையே எஸ்390எக்ஸுக்குக் கம்பைல் செய்து, கியூஇஎம்யூ என்ற எமுலேட்டரில் ஓட்டுங்கள். அதே சோர்ஸ், அதே டார்கெட். எக்ஸ்86-இல் கிடைத்த ஃபைலோடு ஒப்பிட்டால் ஒரு பைட்கூட மாறியிருக்கக் கூடாது.