ஹாட் டப் இருக்கிறது என்பதற்காக ஒன்றரை மடங்கு கொடுக்கலாமா?

கேள்வி: மலைப்பகுதி ரிசார்ட் ஒன்றில் டைம்ஷேர் முறையில் மரக் காட்டேஜ் விற்கிறார்கள். வருடத்தில் ஒரு வாரம் நம்முடையது. இரண்டு காட்டினார்கள். ஒன்றில் ஹாட் டப், ஃபயர்பிளேஸ், முழு சமையலறை இருக்கிறது. கிளப் ஹவுஸில் வெந்நீர் நீச்சல் குளம், ஜிம், குழந்தைகள் விளையாட்டு அறையும் உண்டு. இன்னொன்று சாதாரணமானது, அதே வளாகத்துக்குக் கொஞ்சம் வெளியே. இரண்டு படுக்கையறை, சின்ன சமையலறை, ஒரு வராந்தா, அவ்வளவுதான். முதல் காட்டேஜின் விலை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. வசதிகளுக்காக அவ்வளவு கொடுப்பது தகுமா? இந்த வாரத்துக்குள் சொன்னால் தள்ளுபடி தருவதாகச் சொல்கிறார்கள். என் கணவருக்கு முதல் காட்டேஜ் மிகவும் பிடித்துவிட்டது.

பதில்: முதலில் அந்தத் தள்ளுபடிக் கெடுவை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். நான் பார்த்த வரையில் இந்த வாரத்து விலை அடுத்த மாதமும் கிடைத்திருக்கிறது, பல சமயம் இன்னும் குறைவாகவே. நீங்கள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கணக்குப் போட்டுவிடக் கூடாது என்பதற்காக வைக்கும் கெடு அது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். வசதிகளுக்கு நீங்கள் இரண்டு தடவை பணம் கொடுக்கிறீர்கள். வாங்கும்போது ஒரு தடவை. அதன் பிறகு வருடா வருடம் பராமரிப்புக் கட்டணமாக. அந்த வருடம் நீங்கள் போகாவிட்டாலும் கட்டணம் வரும். பெரும்பாலும் முந்தைய வருடத்தைவிடக் கூடுதலாகத்தான் வரும். வருடத்துக்கு 5 சதவீதம் ஏறினால் 14, 15 வருடத்தில் கட்டணம் இரு மடங்கு. 7 சதவீதம் என்றால் பத்தே வருடம் போதும். விற்பனை அறையில் விலையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். இந்தக் கட்டணத்தைப் பற்றிப் பேச்சே வராது, வந்தாலும் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் காகிதத்தில் அந்த எண் எங்கே இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவர்கள்.

ஆகவே ஒவ்வொரு வசதியையும் பார்க்கும்போது, "இது நன்றாக இருக்கிறதா" என்று கேட்காதீர்கள், எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். "வருடத்துக்கு ஏழு இரவில் எத்தனை இரவு இதைத் தொடுவோம், மீதி வாரங்களில் இதைக் கட்டிக் காக்க யார் பணம் கொடுக்கிறார்கள்" என்று கேளுங்கள்.

ஹாட் டப்பையே எடுத்துக்கொள்வோம், உங்கள் கணவரைக் கவர்ந்தது அதுதான் என்று நினைக்கிறேன். தண்ணீரை 40 டிகிரி வரை சூடாக வைத்திருக்க மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீரின் மருந்து அளவை அடிக்கடி சோதிக்க வேண்டும், அடிக்கடி காலிசெய்து கழுவ வேண்டும். ஆயிரம் லிட்டர் தண்ணீர் என்றாலே ஒரு டன் எடை. அந்த எடை வெயிலிலும் மழையிலும் கிடக்கும் மரத்தளத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. தளத்துப் பலகை உளுத்துப்போனால் டப்பையும் தூக்கித்தான் வேலை செய்ய வேண்டும். அடுத்த தடவை காட்டேஜைப் பார்க்கப் போகும்போது டப்பில் இறங்கிப் பார்க்க வேண்டாம். அதை ஒட்டியிருக்கும் பலகையைச் செருப்பு நுனியால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று உள்ளே போனால் அந்த ரிசார்ட் எப்படி நடக்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும். சமையலறைத் தொட்டிக்குக் கீழே கதவைத் திறந்து மோந்து பாருங்கள். பாசி வாடை வந்தால் குழாய் கசிகிறது, பார்க்க ஆளில்லை. அலமாரி டிராயரை இழுத்துப் பாருங்கள். ஒரே செட் தட்டுகள் ஆறு இருக்கின்றனவா, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக இருக்கின்றனவா? ஐம்பது குடும்பம் புழங்கும் வீடு அது. தேய்ந்த பொருளை மாற்றுகிறார்களா என்பதற்கு அந்த டிராயரைவிட நல்ல சாட்சி கிடையாது.

நீச்சல் குளமும் ஜிம்மும் கிளப் ஹவுஸில் இருக்கின்றன என்கிறீர்கள். அப்படியானால் ஒன்று விசாரியுங்கள்: வளாகத்துக்கு வெளியே இருக்கும் சாதாரண காட்டேஜ்காரர்களுக்கும் அங்கே போக அனுமதி உண்டா? அநேகமாக இருக்கும். இருந்தால் அந்த வசதிகளுக்கென்று ஒன்றரை மடங்கு கொடுக்க ஒரு காரணமும் இல்லை. ஃபயர்பிளேஸ் நீங்கள் போகும் மாதத்தைப் பொறுத்தது. கோடை வாரத்தை வாங்கிவிட்டு ஃபயர்பிளேஸுக்குப் பணம் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பணத்தை உண்மையில் திருப்பித் தரும் வசதி சமையலறை ஒன்றுதான். ஏழு நாளும் மூன்று வேளையும் வெளியே சாப்பிட்டால் குடும்பத்துக்கு என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். அதற்கு நான்கு அடுப்பும் ஓவனும் தேவையில்லை. இரண்டு அடுப்பு, வேலை செய்யும் ஃபிரிட்ஜ், நல்ல கத்தி ஒன்று இருந்தால் போதும். சின்ன சமையலறையில் அவை இருந்தால் முதல் காட்டேஜின் சமையலறைக்கும் அதற்கும் மதிப்பில் பெரிய வித்தியாசம் இல்லை.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. பிரசுரத்தில் படம் போட்டிருக்கும் வசதி வேறு, ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் வசதி வேறு. சில வருடங்களுக்கு முன் ஒரு தம்பதி ஃபைலோடு என்னிடம் வந்தார்கள். அவர்கள் காட்டேஜின் டப் பழுதாகி, ஒரு சீசன் முழுக்கத் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்திருக்கிறது. அடுத்த வருடம் போனால் டப்பையே காணோம். டப் இருந்த இடத்தில் பூந்தொட்டி வைத்திருந்தார்கள். கட்டணம் மட்டும் ஒரு காசு குறையவில்லை. ஒப்பந்தத்தைப் புரட்டினேன். பதினோராம் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி: வசதிகளை மாற்றவும் நீக்கவும் நிர்வாகத்துக்கு முழு அதிகாரம் உண்டு. விற்றவர் வாயால் சொன்னது எதுவும் செல்லாது என்று அதற்கடுத்த வரி. அந்த அம்மா படத்தையும் அந்தப் பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டப்படி நான் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை. அந்த இரண்டு வரியும் அநேகமாக உங்கள் காகிதத்திலும் இருக்கும், தேடிப் பாருங்கள். டப்புக்காகத்தான் கூடுதல் விலை என்றால், "இந்தக் காட்டேஜில் ஹாட் டப் இயங்கும் நிலையில் இருக்கும், இல்லாத வருடம் கட்டணத்தில் இவ்வளவு கழிக்கப்படும்" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மாட்டார்கள். அப்படியானால் டப்பை இல்லாததாக வைத்தே விலையை முடிவு செய்யுங்கள்.

இனி கணக்கு. அதே காட்டேஜை, அதே வாரத்துக்கு, உரிமை எதுவும் இல்லாமல் வாடகைக்கு எடுத்தால் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். பராமரிப்புக் கட்டணம் 55. வாங்கும் விலை 1,000. இருபது வருடம் வைத்திருந்தால் விலையில் வருடத்துக்கு 50, அதோடு கட்டணம் 55, ஆக 105. வாடகையைவிட ஐந்து அதிகம். வாடகையும் ஏறும் என்பார் சேல்ஸ்மேன். கட்டணமும்தான் ஏறும். ஆகவே இரண்டையும் ஏறாததாகவே வைத்துப் பார்க்கிறேன். இருபது வருடத்தில் ஒரு தடவைகூடத் தவறாமல் போவீர்களா? பிரசவம், பரீட்சை, வேலை மாற்றம், பெரியவர்கள் உடல்நலம் என்று நான்கு வருடம் போக முடியாமல் போனால், போன ஒவ்வொரு வாரத்தின் அடக்க விலை 131 ஆகிவிடுகிறது. கடன் வாங்கி வாங்கினால் வட்டி இதற்கு மேல். அந்தக் கடன்களின் வட்டி வீட்டுக் கடன் வட்டியைப் போல் இருக்காது, அதைவிட நன்றாகவே கூடுதலாக இருக்கும்.

இந்தக் கணக்கு நேர்மாறாகத் திரும்பும் இடம் ஒன்று உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் விற்பனை அறையில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள். ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவரிடமிருந்து இரண்டாம் கையாக வாங்குவதுதான் அது. கட்டணம் கட்டிக் கட்டி அலுத்தவர்கள், வயதாகிப் பயணம் விட்டவர்கள் எந்த ரிசார்ட்டிலும் இருப்பார்கள். புதிதாக விற்கும் விலையில் பெரும்பங்கு கமிஷனுக்கும் விளம்பரத்துக்கும் உங்களுக்குக் கொடுத்த இலவச விருந்துக்கும் போகிறது. அது காட்டேஜின் மதிப்பல்ல என்பதால் மறுவிற்பனையில் அந்தப் பங்கு காணாமல் போகிறது. 1,000-க்கு வாங்கியதை 50-க்குத் தருபவர்கள் உண்டு. மாற்றும் செலவை ஏற்றுக்கொண்டால் சும்மா தருபவர்களும் உண்டு. மேலே சொன்ன கணக்கில் வாங்கும் விலை 1,000-க்குப் பதில் 50 போட்டுப் பாருங்கள். நான்கு வருடம் தவறவிட்டாலும் ஒரு வாரம் 72-க்கு முடிகிறது. ஆனால் இதில் மூன்று விஷயம் சரியாக இருக்க வேண்டும். ஒன்று, அது மிதக்கும் வாரமாக இல்லாமல் தேதி குறித்த வாரமாக இருக்க வேண்டும். மிதக்கும் வாரம் என்றால் தேதி நிலையாக இருக்காது, ஒவ்வொரு வருடமும் கேட்டுத்தான் வாங்க வேண்டும்; பள்ளி விடுமுறைக்கு நீங்கள் கேட்கும்போது பெரும்பாலும் இடம் இருக்காது. இரண்டு, டைம்ஷேர் இல்லாவிட்டாலும் வருடா வருடம் நீங்கள் போகக்கூடிய இடமாக அது இருக்க வேண்டும். மூன்று, பழைய உரிமையாளரின் பாக்கி எதுவும் இல்லை என்று நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்க வேண்டும். சில ரிசார்ட்டுகள் இரண்டாம் கையாக வாங்கியவருக்குச் சில சலுகைகளைத் தருவதில்லை. எவை என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வாரமும் காட்டேஜும் கிடைத்தால் பெரும்பாலும் அந்தச் சலுகைகள் இல்லாமலே சமாளிக்கலாம்.

"உங்கள் வாரத்தைக் கொடுத்து உலகத்தில் எங்கு வேண்டுமானாலும் தங்கலாம்" என்று சொல்லியிருப்பார்கள். ஆர்.சி.ஐ. என்ற நிறுவனம் 1974-லும் இன்டர்வெல் இன்டர்நேஷனல் என்ற நிறுவனம் 1976-லும் தொடங்கிய பரிமாற்ற முறை இது, உண்மையாகவே இருக்கிறது. ஆனால் அதற்கு உறுப்பினர் கட்டணம் தனி, ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் கட்டணம் தனி. உங்கள் வாரத்துக்கு அங்கே மதிப்புப் போடுவது முக்கியமாக சீசனையும் இடத்தையும் அறை அளவையும் வைத்துத்தான். ஹாட் டப்புக்காக நீங்கள் கொடுத்த அரை மடங்கு அங்கே எடுபடாது.

வேண்டாம் என்றால் விற்றுவிடலாம் என்றும் சொல்லியிருப்பார்கள். இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் கோபம் வரும் இடம் இதுதான். விற்க முடியாமல் தவிப்பவர்களை வைத்தே ஒரு புரோக்கர் கூட்டம் பிழைக்கிறது. திடீரென்று போன் வரும்: "உங்கள் காட்டேஜுக்கு ஆள் தயார், நல்ல விலை, வரியும் பதிவுச் செலவும் மட்டும் முன்னால் அனுப்புங்கள்." அனுப்பியதும் இன்னொரு கட்டணம், அதற்குப் பிறகு இன்னொன்று. மெக்சிகோ டைம்ஷேர்களை வைத்து நடந்த இத்தகைய மோசடிகளில் 2019 முதல் 2023 வரை சுமார் 6,000 அமெரிக்கர்கள் கிட்டத்தட்ட 30 கோடி டாலர் இழந்ததாக அமெரிக்க அதிகாரிகளே அறிவித்திருக்கிறார்கள். இதன் பின்னால் போதைக் கடத்தல் கும்பல் இருந்தது என்பது பிறகு தெரிந்தது. உங்கள் பெயரும் நம்பரும் என்ன வாங்கினீர்கள் என்ற விவரமும் அவர்கள் கைக்கு எப்படிப் போகின்றன என்று கேட்டால் எந்த அலுவலகத்திலும் பதில் கிடையாது. விற்றுத் தருகிறேன், ஒப்பந்தத்திலிருந்து விடுவித்துத் தருகிறேன் என்று யார் வந்தாலும், வேலை முடிவதற்கு முன் ஒரு காசு கேட்டால் போனை வைத்துவிடுங்கள்.

ஒருவேளை உங்கள் கணவர் ஏற்கெனவே எதிலாவது கையெழுத்துப் போட்டிருந்தால் இன்றே தேதியைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2008-ஆம் ஆண்டு விதிப்படி காரணம் சொல்லாமல் விலக 14 நாள் உண்டு. அந்த நாட்களில் முன்பணம் வாங்கவே கூடாது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்: ஃபுளோரிடாவில் 10 நாள், கலிஃபோர்னியாவில் 7 நாள். இந்தியாவில் டைம்ஷேருக்கென்று தனிச் சட்டமே இல்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் அவகாசம்தான் உங்களுக்கு. அதைத் தவறவிட்டால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஆணையத்தின் படியேறிக் காத்திருக்க வேண்டும். இவ்வளவு காலமாக விற்கப்படும் ஒரு பொருளுக்கு ஒரு பக்கச் சட்டம் எழுத அரசுக்கு நேரமில்லை. விலகல் கடிதத்தை ஒப்பந்தத்தில் சொன்ன முகவரிக்கு, சொன்ன முறையிலேயே அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். சேல்ஸ்மேனிடம் போனில் சொல்லிவிட்டோம் என்று இருந்துவிடாதீர்கள். பத்து நாள் போனை எடுக்காமல் இருக்க அவருக்கு நன்றாகவே தெரியும்.

கையெழுத்து இன்னும் போடவில்லை என்றால், இரண்டு காட்டேஜுக்குமே நிர்வாகத்திடம் நான்கு காகிதம் கேளுங்கள். கடந்த ஐந்து வருடப் பராமரிப்புக் கட்டணம். கூரை, தளம், குளம் போன்ற பெரிய பழுதுகளுக்கு ஒதுக்கி வைத்திருக்கும் நிதி இப்போது எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு. அது வற்றியிருந்தால் அடுத்த கூரை வேலைக்கு "சிறப்பு வசூல்" என்று உங்களிடம்தான் வருவார்கள். கட்டணம் கட்டாமல் விட்டவர்கள் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை. அவர்கள் பங்கும் மீதிப் பேர் தலையில்தான் விழும். நான்காவது, உங்கள் உரிமை எத்தனை வருடம், உங்களுக்குப் பிறகு கட்டணம் பிள்ளைகள் தலையில் ஏறுமா, ஒப்படைத்துவிட்டு வெளியே வர வழி இருக்கிறதா என்று சொல்லும் பக்கம்.

உங்கள் இருவரையும் பொறுத்தவரை என் கருத்து இது. முதல் காட்டேஜை ஒன்றரை மடங்குக்கு வாங்க வேண்டாம். இந்த வருடம் அதை ஒரு வாரம் வாடகைக்கு எடுங்கள். டப், குளம், ஜிம் ஒவ்வொன்றையும் எத்தனை தடவை பயன்படுத்தினீர்கள் என்று ஒரு தாளில் கோடு போட்டு வாருங்கள். பக்கத்துக் காட்டேஜில் தங்கியிருக்கும் பழைய உரிமையாளர்களிடம் பேசுங்கள், விற்கும் எண்ணம் இருப்பவர் யாராவது நிச்சயம் தட்டுப்படுவார். திரும்பி வந்ததும் அந்தத் தாளையும் நான்கு காகிதத்தையும் எனக்கு அனுப்புங்கள், இரண்டாவது காட்டேஜுக்கு என்ன விலை கேட்கலாம் என்று சொல்கிறேன்.